மங்கலதேவி மலைப்பாதை (லோயர் கேம்ப்)

தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பை அடுத்த பளியங்குடியிலிருந்து, தமிழக–கேரள எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் காட்டுவழி. நீளம் ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர். அடிவாரம் சுமார் 400 மீட்டர் உயரத்திலும் கோயில் சுமார் 1,300 மீட்டரிலும் இருப்பதால், சிறிய இத்தூரம் காலுக்குப் பெரியது. சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களுக்கு அனுமதி. அன்று குமுளியிலிருந்து ஜீப்பிலும் போகலாம்.

வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டு ஓடும் ஓரியண்டீரிங் சுவீடன் ராணுவத்தில் பிறந்த விளையாட்டு. அதைக் கற்க இந்த அடிவாரம் அருமையான இடம். பெரியாறு நீர்மின் நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் தொலைவிலிருந்தே தெரியும். அவற்றைக் கண்ணில் பிடித்துக்கொண்டால் வரைபடத்தைத் திசைக்குத் திருப்பிவிடலாம். குமுளி மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைச் சம உயரக் கோடுகளோடு ஒப்பிட்டால், கோடுகள் நெருங்குமிடமே மூச்சு வாங்குமிடம் என்பது புரியும்.

இந்த ஏற்றத்துக்கான ஒரு வாரப் பயிற்சியைச் சமவெளியிலேயே தொடங்குவது நல்லது. முல்லைப் பெரியாற்றுக் கரையில் நூறு மீட்டருக்கு எத்தனை எட்டு என்று எண்ணிப் பழக வேண்டும்; பிறகு முதுகில் தண்ணீர்ச் சுமையோடு மேட்டுச்சாலை; கடைசி நாள் ஓய்வு. இறக்கத்தையும் பழகுவது அவசியம், முழங்கால் நோவது அங்கேதான்.

2018 மார்ச் 11 அன்று இதே மாவட்டத்தின் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்தது. அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.