விடை முந்தியது, வினா பிந்தியது



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். நாளடைவில் அவ்வெழுத்துச் சிறுக்கத் தொடங்கிற்று. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாயிருப்பது, முடிவில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடும். பின்வரிசை மாணவர்கள் முறையிட்டனர். அவருடைய நடை தளர்ந்தது. முகத்தில் சிரிப்பும் மறைந்தது. வேலையில் ஊக்கம் குன்றிவிட்டாரென எண்ணி, நான் அவரை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஓராண்டு கழித்து அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கிய பின்னரே, அது சோம்பலன்று, நோய் என்பது விளங்கிற்று. நடுக்குவாதம் என்று நாம் வழங்கும் அந்நோயின் வரலாற்றை நான் தேடிப் படித்தது அதன் பின்னரே. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

உடல் நடுக்கத்தைப் பண்டை மருத்துவரும் அறிந்திருந்தனர். ஆயினும் நடுக்கம், கூனிய உடல், தன்னையறியாமல் விரையும் குறுநடை ஆகியவற்றை ஒரே நோயின் கூறுகளாகக் கண்டு விரித்துரைத்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர். 1755-இல் லண்டனை அடுத்த ஹாக்ஸ்டனில் பிறந்து, அங்கேயே மருத்துவத் தொழில் செய்தவர் அவர். 1817-இல் இந்நோயைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் 66 பக்கமே உடையது. அதில் கூறப்படும் நோயாளிகள் அறுவர். அவர்களுள் இருவரைத் தெருவிலே தற்செயலாகச் சந்தித்து வினவியறிந்தார். மற்றொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதியிலுள்ள தண்டுவடமாக இருக்கலாமென அவர் ஊகித்தார். அவ்வூகம் பிழைபட்டது. ஆனால், இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்து உறுதி செய்யாமல் எழுதியது அது என்பதை அவரே ஒப்புக்கொண்டு, பின்வருவோர் ஆராய்ந்து உண்மை காணவேண்டுமென வேண்டிக்கொண்டார்.

அவ்வேண்டுகோளுக்குச் செவி சாய்த்தவர்களுள் தலைசிறந்தவர் ஷார்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவப் பேராசிரியர். பாரிஸ் நகரில் சல்பெத்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனையில், 1862 முதல் பல்வகை நரம்பு நோயாளிகளை அவர் ஒப்புநோக்கி ஆராய்ந்தார். இந்நோயாளிகளின் கை, வாளாவிருக்கும்போது நடுங்குகிறது. வேறொரு நரம்பு நோயிலோ கை ஒன்றை எடுக்க முயலும்போதுதான் நடுங்குகிறது என வேறுபாடு கண்டார். நோயாளியின் வலிமை பெரிதும் குன்றுவதில்லை, இயக்கமே தாமதப்படுகிறது என்றும் காட்டினார். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டென்பதை அறிந்து, பழைய பெயர் பொருந்தாதென விலக்கி, முதலில் கண்டவரின் பெயராலேயே நோயை வழங்கவேண்டுமென்றார். நோயாளிகளின் கையெழுத்துகளையும் அவர் திரட்டி ஆராய்ந்தார். பாரிஸில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கற்பிக்கப்பட்ட பாடத்தை, என் பள்ளிக் கரும்பலகையில் நான் படிக்கத் தவறினேன்.

நோய் வாழும் இடம் எது? 1919-இல் பாரிஸ் நகரில் ட்ரெத்தியாகோஃப் என்னும் ரஷ்ய நாட்டு இளைஞர், தம் பட்டத்திற்கான ஆராய்ச்சியில் இதற்கு விடை கண்டார். நடுமூளையில் கரிய நிறமுடைய சிறு பகுதி ஒன்றுண்டு. நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளையில் அப்பகுதியின் உயிரணுக்கள் அழிந்திருந்தன. இடம் தெரிந்தது, ஆயினும் அவ்வணுக்கள் செய்யும் தொழில் யாதெனத் தெரியவில்லை.

இங்கே ஒரு வியப்பைக் காண்மின்! பின்னாளில் இந்நோய்க்கு மருந்தான பொருள், 1913-ஆம் ஆண்டிலேயே கையில் கிடைத்துவிட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலறிஞர் குக்கன்ஹைம் அவரை இனத்துப் பயறு ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தாமே 2.5 கிராம் உண்டு பார்த்தார், வாந்தியே பயனாயிற்று. 1937-இல் தாமோதரன், இராமசாமி என்னும் நம் நாட்டு ஆய்வாளர் இருவர் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதுவே லெவோடோப்பா. ஆனால், இதனால் தீரும் நோய் யாது என வினவுவோர் இல்லாமையால், அது சீசாவிலே உறங்கிக் கிடந்தது.

வினா பிறந்தது 1957-இல், சுவீடன் நாட்டிலே. ஆர்விட் கார்ல்சன் என்பவர் ரெசர்பின் என்னும் மருந்தை முயல்களுக்குச் செலுத்தினார். ரெசர்பின், நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்ட சர்ப்பகந்தி வேரிலுள்ள பொருள். அதை ஏற்ற முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. பின்னர் லெவோடோப்பாவைச் செலுத்தியதும், சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. மூளையணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி விடுக்க டோப்பமைன் என்னும் பொருள் உதவுகிறதென்றும், அது குறைந்தால் இயக்கம் குன்றுமென்றும் கார்ல்சன் உணர்ந்தார். 1960-இல் லண்டனில் கூடிய அறிஞர் பேரவை அவர் கூற்றை ஐயுற்றது.

அவ்வாண்டிலேயே வியன்னா நகரில் ஹார்னிகீவிச் என்பவர், நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளையில் டோப்பமைன் மிகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். டோப்பமைனைக் குருதியில் செலுத்தினால் அது மூளைக்குள் புகாது. அதன் மூலப்பொருளான லெவோடோப்பாவோ புகும். எனவே 1961-இல், பிர்க்மாயர் என்னும் மருத்துவர் வாயிலாக அது நோயாளிகளுக்கு ஊசி வழியே ஏற்றப்பட்டது. எழ இயலாதார் எழுந்தனர். நிற்க இயலாதார் நடந்தனர். ஆனால் பயன் நீடிக்கவில்லை. சிற்றளவில் கொடுத்துப் பார்த்த வேறு சிலர், பயனில்லை என்று கைவிட்டனர். கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் கோட்சியாஸ், மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்தார். வாந்தியும் அடங்கிற்று, நோயும் தணிந்தது. 1967-இல் அச்செய்தி வெளிவந்தது. கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்.

இது முழு வெற்றியென எண்ணற்க. இம்மருந்து குறையை நிரப்புகிறதேயன்றி, அணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொரு வேளை மருந்தின் பயனும் விரைவில் தேய்கிறது. உடல் தானே நெளியும் துன்பமும் பலருக்கு நேர்கிறது. அணுக்கள் ஏன் அழிகின்றன என்னும் வினா இன்றும் முழு விடை பெறவில்லை. அதற்கு விடை காண்பவர் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.

என் நண்பரான கணித ஆசிரியர் அம்மருந்தை உண்டு, மேலும் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, “என் கை எனக்கே விளங்கவில்லை ஐயா, உங்களுக்கு எப்படி விளங்கும்?” என்றார். அவர் பெருந்தன்மை அது. எனினும், கடிந்துகொள்வதற்கு முன்னர், “உங்கள் எழுத்து ஏன் சிறுத்தது?” என்று ஒரு சொல் நான் கேட்டிருக்கலாம். அக்கேள்வியை நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்கப் பழகுங்கள்.