பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சென்னையின் தென்பகுதியில், வேளச்சேரிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் இடையே பரந்துள்ள இயற்கை ஈரநிலம். பெருநகரம் ஒன்றின் நடுவே இன்னும் உயிரோடிருக்கும் சதுப்புகள் இந்தியாவில் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியின் பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர்.

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இந்நிலத்துக்குக் கழுவெளி என்று பெயர். மழைநீர் வந்து பரவி, நின்று, மெல்ல வடியும் தாழ்நிலத்தைக் குறிக்கும் பழைய சொல் அது. நிலத்தின் இயல்பை ஒரே சொல்லில் சொல்லிவிட்ட பெயர். ஆனால் பதிவேட்டில் அதையொட்டிப் புறம்போக்கு என்ற சொல்லும் வந்து சேர்ந்தது. உழவுக்கு உதவாத, யாருக்கும் பட்டா இல்லாத இடம் என்றால் வீண்நிலம் என்று பிற்காலத்தார் பொருள் கொண்டனர். ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பின் பெரும்பகுதி பறிபோனதற்கு இந்தப் பொருள்மயக்கமே முதற்காரணம்.

தென்சென்னையின் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் பெய்யும் மழை இங்குதான் வந்து சேர்கிறது. ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற ஏரிகள் நிரம்பி, ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் பாய்ந்து, கடைசியில் சதுப்பை அடையும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பின் கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் செல்லும். வரும் வழிகள் பல. வெளியேறும் முதன்மை வழி ஒன்றே. வடகிழக்குப் பருவமழையில் சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் நீரை வாங்கி வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக விடுவதே சதுப்பின் வேலை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கியபோது, நிற்க இடமில்லாத தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அவ்விடத்தில் அதற்குள் வீடுகள் எழுந்திருந்தன.

கோரையும் சம்பும் மண்டிய கரைகள், திறந்த நீர்ப்பரப்பு, கோடையில் வெடிக்கும் சேற்றுத்திட்டு என்று பல வாழிடங்கள் இங்கே அடுத்தடுத்து உள்ளன. அதனால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் ஒரே சதுப்பில் பிழைக்க முடிகிறது. ஆழமற்ற நீரில் பூநாரைகளும், சற்று ஆழத்தில் கூழைக்கடாக்களும் இரை தேடும். நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவும். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து வந்து தங்கும். நீலத் தாழைக்கோழி கோரைத்தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, மென்மையான அடிக்குருத்தை மட்டும் கடித்துத் தின்பதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம்.

நீளவால் இலைக்கோழியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மிக நீண்ட விரல்களால் உடல் எடையைப் பரப்பி, மிதக்கும் இலைகள்மேல் நடக்கும் பறவை இது. பெண்பறவை முட்டையிட்டதும் அடுத்த இணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண்பறவையின் பொறுப்பு. கூடு நனையும் நிலை வந்தால் முட்டைகளை வேறிடத்துக்கு நகர்த்தவும் செய்யும். நீர்மட்டம் திடீரென ஏறி இறங்காத சதுப்பு இருந்தால்தான் இந்தத் தந்தையின் பாடு பலிக்கும்.

சதுப்பின் வடபகுதியில் உள்ள பெருங்குடிக் குப்பைக்கிடங்கு இதன் ஆறாத புண். பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட குப்பையிலிருந்து கசிந்த நீர் சதுப்பில் கலந்தது. தீப்பற்றியபோது புகை சுற்றுப்புறக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. தேங்கிய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டுள்ளது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ஆரச்சாலை சதுப்பை இரண்டாக வெட்டிச் செல்கிறது. கழிவுநீரின் சத்தில் கொழுத்த ஆகாயத்தாமரை நீரை மூடி, அடியில் வாழும் மீன்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்காமல் செய்கிறது.

குடியிருப்போரும் ஆய்வாளர்களும் தொடர்ந்து எழுப்பிய குரலின் பயனாக, 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையிடம் வந்தது. இச்சதுப்பை நெடுங்காலம் ஆராய்ந்த கேர் எர்த் அறக்கட்டளையின் இணை நிறுவனர் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு, ஈரநிலங்களை அறிவார்ந்து பயன்படுத்துவதற்கான ராம்சார் விருது 2025இல் வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. வேலிக்குள் இருக்கும் நீரை மட்டும் காத்துப் பயனில்லை என்பதை இவ்வுத்தரவு ஏற்றுக்கொண்டது. கீழ்க்கட்டளையிலிருந்து நாராயணபுரம் வழியாக வரும் கால்வாய் அடைபட்டால், சதுப்புக்குள் ஒரு பிடி மண்கூட விழாமலே சதுப்பு சாகும்.

பறவைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், வண்டிகள் பெருகுமுன், ஆரச்சாலையின் ஓரத்தில் நின்றாலே போதும்.