சென்னையில் சட்ட மருத்துவம் வளர்ந்த கதை

மரணத்தின் காரணத்தை அறிவதற்காக இந்தியாவில் ஒரு மருத்துவர் உடலைத் திறந்து பார்த்ததாகப் பதிவான முதல் நிகழ்வு சென்னையில்தான் நடந்தது. 1693 ஆகஸ்ட் மாதம். புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைச் சபை உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் வீலர் மருந்து உண்டபின் இறந்துபோனார். மருந்து கொடுத்தவர் கம்பெனியின் அறுவை மருத்துவர் சாமுவேல் பிரவுன். உடலைப் பரிசோதித்தவர் அதே கோட்டையில் பணியாற்றிய இன்னொரு அறுவை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி. பிரவுனின் வேலையாள் மருந்துக்காக முத்தைப் பொடித்த கல்வத்தில் அதற்கு முன்பு பாஷாணம் (ஆர்சனிக்) அரைக்கப்பட்டிருந்தது. கல்வத்தை யாரும் கழுவவில்லை. வீலரைக் கொன்றது தானே என்று பிரவுன் ஆளுநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் வழக்கைத் தொடர முகாந்திரம் இல்லை என்று கிராண்ட் ஜூரி முடிவு செய்தது. அவர் விடுவிக்கப்பட்டார்.

சட்ட மருத்துவத்தை இன்றும் விட்டுப்போகாத சிக்கல்கள் இரண்டு அந்த ஒரே வழக்கில் இருக்கின்றன. ஒரு மருத்துவரின் தவறை உடன் வேலை பார்க்கும் இன்னொரு மருத்துவரே சொல்ல வேண்டியிருந்தது முதல் சிக்கல். பல்க்லியிடம் கண்ணையும் கத்தியையும் தவிர வேறு கருவி இல்லாதது இரண்டாவது. இரைப்பை சிவந்திருப்பதையும் புண்பட்டிருப்பதையும் அவர் பார்த்திருக்கலாம். அதற்குப் பாஷாணம்தான் காரணம் என்று மெய்ப்பிக்கும் நம்பகமான சோதனையை இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டது 1836-இல். இடைவெளி 143 ஆண்டுகள்.

மார்ஷ் சோதனை வருவதற்கு ஓராண்டு முன்னர், 1835-இல், சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1850-இல் அது சென்னை மருத்துவக் கல்லூரியானது. அதற்கு முந்தைய ஆண்டு, 1849-இல், நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னை மாகாணத்தில் அமைந்தது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆய்வகங்கள் பின்னர் வந்தவை. 1857-இல் டாக்டர் உர்குஹார்ட் கல்லூரியில் சட்ட மருத்துவப் பேராசிரியரானார். பாடத்துக்கு முன்பே ஆய்வகம் வந்த இந்த வரிசை கவனிக்கத்தக்கது. நீதிமன்றங்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது நஞ்சைப் பற்றிய பதில். வெள்ளைப் பாஷாணமும் அரிதாரமும் கடைத்தெருவில் கிடைத்த காலம் அது. வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை விதை கலந்த உணவைக் கொடுத்து மயங்கவைத்துக் கொள்ளையடித்த வழக்குகள் அக்காலக் குற்றப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அரளி வேலியிலேயே பூத்துக் கிடந்தது. ஐரோப்பியப் பாடநூல்களில் இத்தகைய இந்திய வழக்குகளுக்குப் போதிய இடம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தவை இந்தியாவுக்கென்றே எழுதப்பட்ட நூல்கள். நார்மன் செவர்ஸ் 1856-இல் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்குமாக ஒரு சட்ட மருத்துவக் கையேட்டை வெளியிட்டார். ஜெய்சிங் மோடி எழுதிய பாடநூல் 1920-இல் முதன்முதலாக வந்தது. பதிப்பு மேல் பதிப்பாகத் திருத்தப்பட்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘மோடி’ என்ற ஒற்றைப் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் அது இந்த நூலைத்தான் குறிக்கும். வேறு எந்த மருத்துவ நூலும் நீதிபதிகளின் மேசையில் இத்தனை காலம் இருந்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

ரசாயன ஆய்வகத்துக்கு உறுப்புகளை அனுப்பும் முறையும் இந்த நூல்களின் வழியே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. நஞ்சு என்று சந்தேகம் எழுந்தால் இரைப்பையும் அதில் உள்ளதும் சிறுகுடலில் சுமார் 30 செ.மீ. நீளமும் ஒரு ஜாடியில் இடப்படும். கல்லீரலில் ஏறக்குறைய அரைக் கிலோவும் இரு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதியும் இன்னொரு ஜாடிக்குப் போகும். உறுப்புகள் மூழ்கும்படி செறிவான உப்புக் கரைசல் ஊற்றப்படும். அழுகலில் எழும் வாயு ஜாடியை வெடிக்கச் செய்துவிடாதபடி மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடப்படும். பயன்படுத்திய உப்புக் கரைசலின் மாதிரியும் தனியே போக வேண்டும். நஞ்சு அந்த உப்பிலேயே இருந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் பதில் சொல்ல அது ஒன்றுதான் வழி. பிறகு அரக்கு முத்திரை, காவலரின் கையொப்பம், ஆய்வகத்தின் ரசீது. கழுவாத கல்வத்தால் வந்த 1693-ஆம் ஆண்டுச் சாவை நினைத்துக்கொண்டால் இந்தக் கெடுபிடி முழுவதும் நியாயமாகவே தோன்றும்.

யார் பரிசோதிப்பது என்பதைச் சட்டம் தீர்மானித்தது. இங்கிலாந்தைப் போலத் திடீர் மரணங்களை விசாரிக்கச் சென்னை நகரிலும் கரோனர் என்ற அதிகாரி இருந்தார். 1889-இல் அந்தப் பதவி இங்கே ஒழிந்தது. பம்பாயில் 1999 வரை நீடித்தது. கரோனர் இல்லாத இடங்களில் விசாரணை காவல் நிலையத்தின் பொறுப்பு. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 174-ஆம் பிரிவில், உடலை அருகிலுள்ள சிவில் சர்ஜனுக்கோ அரசு நியமித்த தகுதியுள்ள வேறு மருத்துவருக்கோ அனுப்பச் சொன்னது. 1973-இல் புதிய சட்டம் வந்தபோதும் பிரிவின் எண்கூட மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194-ஆம் பிரிவு. சட்டம் சிறப்பு நிபுணரைக் கேட்கவில்லை, அருகில் இருப்பவரைக் கேட்டது. வெயில் சுடும் நாட்டில், குளிர்பதன அறை இல்லாத காலத்தில், உடலை மாட்டுவண்டியில் வெகுதூரம் கொண்டுபோக முடியாது என்பதை நினைத்தால் காரணம் புரியும். இலங்கையில் இதற்கென்றே சட்ட வைத்திய அதிகாரி என்ற பதவி உருவாகி, அந்தப் பெயர் பேச்சுத் தமிழிலும் ஊன்றிவிட்டது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இந்த வேலை அன்றும் இன்றும் அரசு மருத்துவமனையின் பணி மருத்துவருடையது.

இந்தியாவில் சட்ட மருத்துவம் ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் கட்டாயப் பாடமாக இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் நோய்க்குறியியல் நிபுணராகிப் பிறகு ஓராண்டு தனிப்பயிற்சி பெற்றவரே தடயவியல் நோய்க்குறியியலாளர். மற்ற மருத்துவர்களுக்குப் பொதுவாகப் பிரேதப் பரிசோதனை மேசையோடு வேலை இல்லை. இங்கே எல்லா மருத்துவரும் அதற்குத் தயாராக வேண்டும். அதனால் பாடமும் அகலமானது. காயச் சான்றிதழ், வயது நிர்ணயம், குடிபோதைப் பரிசோதனை, பாலியல் வன்முறைக்கு ஆளானோரைப் பரிசோதித்தல், நஞ்சு, மருத்துவ ஒழுக்கம் எல்லாம் இதில் சேர்ந்தன. மேற்படிப்பும் நோய்க்குறியியலின் கிளையாக அமையாமல் தனி எம்.டி. ஆயிற்று.

சென்னைக் கல்லூரியின் சட்ட மருத்துவத் துறையைப் பொதுமக்கள் அறிந்துகொண்டது 1952-இல், ஆளவந்தார் கொலை வழக்கில். போட் மெயில் ரயிலில் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து துர்நாற்றம் வீச, மானாமதுரையில் அது திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் கிடைத்த இரண்டும் ஒருவருடையவைதானா, யாருடையவை என்ற கேள்வி பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணனிடம் வந்தது. காது குத்திய துளைகளும் பல்வரிசையில் இருந்த ஒரு குறையும் இறந்தவர் ஆளவந்தார்தான் என்ற அடையாளத்துக்குத் துணை நின்றன. வழக்கின் பரபரப்பு பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. கடல்நீரில் ஊறிய ஒரு தலையில் காதுத் துளையைத் தேடிக் குறித்துவைத்த பொறுமை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பின்னர் தடய அறிவியல் மருத்துவத்திலிருந்து பிரிந்து தானே ஒரு துறையாக வளர்ந்தது. மண்டையோட்டின் படத்தையும் இறந்தவரின் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் முறையில் தமிழ்நாட்டின் பி. சந்திரசேகரன் பெயர் பெற்றார். 1991-இல் ஸ்ரீபெரும்புதூர்க் குண்டுவெடிப்பில் இடுப்புப் பட்டையாகக் கட்டப்பட்ட வெடிகுண்டின் அமைப்பைச் சிதறல்களிலிருந்து மீட்டெடுத்தவரும் அவரே. அவர் மருத்துவர் அல்லர். உடல் மருத்துவருக்கு, பொருள் விஞ்ஞானிக்கு என்ற பங்கீடு அதற்குள் உறுதியாகிவிட்டது.

உடலுக்குள் பார்க்கும் முறையில் மட்டும் பழைய கைத்திறன் அப்படியே தொடர்கிறது. கழுத்து நெரிக்கப்பட்டதா, தூக்கா என்ற சந்தேகம் வந்தால் மருத்துவர் கழுத்தை முதலில் தொடுவதில்லை. மண்டையையும் மார்பையும் திறந்து கழுத்து நாளங்களின் ரத்தம் வடியும்வரை காத்திருக்கிறார். அதன்பிறகே கழுத்துத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரிக்கிறார். முன்னதாகவே வெட்டினால் கத்தியால் கசிந்த ரத்தம் விரல் அழுத்திய கன்றலைப் போலத் தோற்றமளித்து ஒரு நிரபராதியைச் சிக்கவைத்துவிடும். தூக்கில் கயிற்றுத் தடம் பெரும்பாலும் சாய்வாக மேலேறி முழு வட்டமாகாமல் நிற்கும். கயிற்றால் இறுக்கியதில் அது கிடையாகக் கழுத்தைச் சுற்றி வரும். மாணவர்கள் இதை வகுப்பில் மனப்பாடம் செய்தாலும் பிணவறையில் நின்று பார்க்கும் நாளில்தான் அது மனத்தில் பதிகிறது.

சட்டத் திருத்தங்கள் இந்த வேலையின் கனத்தைக் கூட்டின. 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலையிலோ சந்தேகத்துக்கிடமாகவோ இறந்தால் பிரேதப் பரிசோதனை தவிர்க்க முடியாததாயிற்று. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. விசாரணை என்று மக்கள் சொல்வது இத்தகைய மரணங்களில் நடப்பதைத்தான். பாடநூல்களும் திருந்த வேண்டியிருந்தது. பெண்களை இழிவுபடுத்திய இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்தது. 2022-இல் பாடத்திட்டத்திலிருந்தே அதை நீக்கச் சொன்னது. அறிவியல் அடிப்படையே இல்லாத ஒரு பழக்கம் அத்தனை காலம் தேர்வுத்தாளில் இருந்தது இந்தத் துறையின் தீராத கறை. சூரியன் மறைந்தபின் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை என்ற பழைய நடைமுறையை மத்திய அரசு 2021 நவம்பரில் தளர்த்தியது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை போன்ற சந்தேக மரணங்களுக்கு, சட்டம் ஒழுங்கு காரணம் இல்லாவிட்டால், பகல் வெளிச்சம் இன்னும் தேவை.

இன்று இத்துறையை நாடும் மாணவர் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, மூன்றாண்டு எம்.டி.யில் சேர்கிறார். தனி கிளினிக் வைத்துச் சம்பாதிக்க இதில் வாய்ப்பு இல்லாததால் கலந்தாய்வில் இந்த இடங்களைக் கேட்போர் குறைவு. முடித்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராகிப் பிணவறையையும் வகுப்பறையையும் சேர்த்தே கவனிக்கிறார்கள். சென்னையில் அந்தப் பேராசிரியரைப் போலீஸ் சர்ஜன் என்றும் அழைப்பது வழக்கம். இந்த நிபுணர்கள் இல்லாத தாலுகா மருத்துவமனைகளில், காலையில் புறநோயாளிகளைப் பார்த்த மருத்துவரே பிற்பகலில் காவலர் கொண்டுவரும் விசாரணைப் படிவத்தை வாங்கிக்கொண்டு பிணவறைக்குப் போகிறார். அவர் கையெழுத்திட்ட அறிக்கைக்காக நீதிமன்றச் சம்மன், சில ஆண்டுகள் கழித்து, அவர் மாற்றலாகிப் போன ஊருக்கு வந்து சேர்கிறது.