சட்டப் புத்தகத்தில் சி.எஸ்.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்த சி.சுப்பிரமணியத்தைப் பசுமைப் புரட்சியோடு சேர்த்தே நம் பக்கம் பேசுவார்கள். 1966-இல் மெக்சிகோவிலிருந்து வந்திறங்கிய 18,000 டன் கோதுமை விதை அவர் பெயருக்கு முகவரியாகிவிட்டது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், சென்னைச் சட்டப்பேரவையில் பத்தாண்டு அவை முன்னவர், தில்லியில் உணவு, நிதி அமைச்சர் என்று நீண்ட அந்த வாழ்வை அவர் கொண்டுவந்த சட்டங்களை வைத்து எடைபோடுவதே பொருத்தம் என்பேன்.

1954-இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று 93-க்கு 41 எனத் தோற்றார். வென்றவரே அவரை அமைச்சராக்கினார். ராஜாஜி அமைச்சரவையில் இருந்து குலக்கல்வித் திட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர், கல்வி அமைச்சராகி அதைக் கைவிடுவதாக அறிவித்தார். சந்தர்ப்பவாதம் என்பாரும் உண்டு; பேரவையின் மனநிலையை மதித்த செயலாகவே எனக்குப் படுகிறது.

தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மசோதாவைப் பேரவையில் வைத்தவர் அவரே. எந்தெந்த அலுவலுக்குத் தமிழ் என்று அரசு படிப்படியாக அறிவிக்கலாம், அதுவரை ஆங்கிலம் தொடரலாம் என்றது அச்சட்டம். பழையதை இடிக்காமல் பக்கத்தில் புதியதை எழுப்பும் இந்தப் போக்குதான் அவருடைய முத்திரை. 1964-இல், தில்லியில் அவர் உணவு அமைச்சராக இருந்தபோது, உணவுக் கழகச் சட்டம் வந்தது. மறு ஆண்டுப் பொங்கலன்று இந்திய உணவுக் கழகம் பிறந்தது. தனியார் தானிய வியாபாரமும் தொடர்ந்தது.

இந்த நிதானம் நெருக்கடி நிலையின்போது தடுமாறியது. வட்டார கிராமிய வங்கிகள் 1975 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்தன. நாடாளுமன்றச் சட்டமானது அடுத்த ஆண்டில்தான். வங்கிகள் நல்லவை, வந்த வழி அவருக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அப்போது அவர் நிதி அமைச்சர்.

1966 டிசம்பரின் விதைச் சட்டத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். சான்று பெறுவது விற்பவர் விருப்பம். ஆனால் அறிவிக்கப்பட்ட ரகம் என்றால் முளைப்புத் திறனும் தூய்மையும் அட்டையில் இருந்தாக வேண்டும். கம்பெனி விதையும் அரசு விதையும் ஒரே கடையில் விற்கலாம், பொய் சொல்லி விற்கக் கூடாது. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவரும் விவசாயி சான்று விதைப் பையில் பார்க்கும் நீல அட்டைக்கு வேர் இச்சட்டம். தமிழகத்தின் விதைச்சான்று இயக்குநரகம் கோவை தடாகம் சாலையில் இருப்பது ஏனோ நம்மூர்க்காரர் பலருக்கே தெரியாது.

விதைச் சட்டத்தின் அந்த மென்மைக்கு விலையும் உண்டு. முளைக்காத விதையால் ஒரு போகமே போனாலும், முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த உச்ச அபராதம் 500 ரூபாய். 1966-இல் அது கொஞ்சம் உறைத்திருக்கலாம். புதிய சட்டத்துக்காக 2004-இல் வந்த மசோதா நிறைவேறாமலே போயிற்று.