பொன்னில்லாத பொன்னொளி

ஐரோப்பாவின் பழைய தேவாலயப் படங்களிலே புனிதரின் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டம் உண்மையான பொன்னால் ஆயது. மெல்லிய தகடாக அடித்த பொன்னைப் பலகையில் ஒட்டி, மெருகேற்றி, அதனையடுத்தே உருவங்களைத் தீட்டுவது வழக்கம். 1435ஆம் ஆண்டில் ஓவியக்கலை பற்றி நூலெழுதிய லியோன் பத்தீஸ்தா அல்பெர்த்தி என்னும் இத்தாலிய அறிஞர் இவ்வழக்கத்தை மறுத்தார். பொன்னணியைக் காட்ட விரும்பும் ஓவியன் பொன்னைத் தொடாது, வெறும் வர்ணத்தாலேயே அதன் ஒளியைத் தோற்றுவித்தல் வேண்டும். அதுவே அவனுக்குப் பெரும் புகழ் தரும் என்பது அவர் கொள்கை. அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று நுட்பமானது. பலகையில் ஒட்டிய பொற்றகடு, பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப ஒருகால் ஒளிரும், ஒருகால் கறுக்கும். ஒளிர வேண்டிய இடம் இருண்டும், இருள வேண்டிய இடம் ஒளிர்ந்தும் போனால் படத்தில் ஓவியனுக்கு ஆட்சி ஏது?

அல்பெர்த்தி எழுத்தால் வேண்டியதை வடக்கே பிளாந்தர் நாட்டில் யான் வான் ஐக் தூரிகையால் முன்னரே செய்துகொண்டிருந்தார். 1434இல் அவர் தீட்டிய அர்னோல்பீனி தம்பதியர் படத்தில், பின்சுவரிலே ஒரு குவிந்த கண்ணாடி தொங்குகின்றது. அதனுள் தம்பதியரின் முதுகுப்புறமும், வாயிலில் நிற்கும் வேறு இருவரும் சிற்றுருவமாய்த் தெரிகின்றனர். அவ்விருவருள் ஒருவர் ஓவியரே என்று கருதுவோர் பலர். எண்ணெய் வர்ணத்தைக் கண்டுபிடித்தவரே வான் ஐக் என்று 1550இல் வசாரி எழுதிவைத்தார். அது பிழை. ஆப்கானிஸ்தானத்தின் பாமியான் குகைச் சுவர்களிலேயே, ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில், உலரும் எண்ணெய் கலந்த வர்ணங்கள் பயன்பட்டமையை 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வான் ஐக்கின் பெருமை கண்டுபிடிப்பில் இல்லை, கையாட்சியிலேயே உள்ளது. முட்டைக்கருவில் குழைத்த வர்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்ததோ நாட்கணக்கில் ஈரமாய் நின்று, நிறத்தோடு நிறம் இழைய இடங்கொடுக்கும். உலர்ந்தபின் அதன்மேல் ஒளி ஊடுருவும் மென்படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இடவும் இயலும்.

இக்கையாட்சியின் முழுப் பயனையும் இருநூறு ஆண்டு கழித்து ஒல்லாந்து நாட்டின் ஹார்லெம் நகரிலே காண்கிறோம். பீட்டர் கிளேஸ், வில்லம் ஹேடா என்னும் இருவரும் அரசரையும் புனிதரையும் விடுத்து, உண்டு முடித்த மேசையொன்றையே வரைந்தனர். பாதி உரித்த எலுமிச்சை, சிப்பிகள், கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம், வெள்ளீயத் தட்டு, பச்சைக் கண்ணாடிக் குவளை, இவ்வளவே பொருள். நிறங்களும் மிகச் சிலவே. சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை ஆகியவற்றுக்கிடையே எலுமிச்சை மட்டும் மஞ்சளாய் நிற்கும். ஆயினும் 1635இல் ஹேடா தீட்டிய படத்தில் வெள்ளி வெள்ளியாகவே மின்னுகின்றது.

அது எவ்வாறு நிகழ்கின்றது? ஒளி என்பது தனியே தீட்டப்படும் பொருளன்று. முதலில் பாத்திரத்தின் உடலை நடுத்தர நிறத்திலும், அதன் நிழலைத் துணிவோடு மிக இருண்ட நிறத்திலும் அமைப்பர். ஈற்றிலேதான் தடித்த வெள்ளை ஒரு துளி விழும். சூழ்ந்த இருளே அத்துளியை ஒளியாக்குகின்றது. வெள்ளையை நிறையப் பூசினால் பாத்திரம் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். துளியின் விளிம்பையும் கவனித்தல் வேண்டும். கண்ணாடிக் குவளையில் அது கூரிய விளிம்புடையது. உற்று நோக்கினால், அறையின் சாளரமே குறுக்குச் சட்டங்களோடு வளைந்து கிடப்பது தெரியும். வெள்ளீயத் தட்டிலோ அதே ஒளி விளிம்பு கரைந்து பரவிக் கிடக்கும். நிறத்திலும் வேறுபாடுண்டு. கண்ணாடியும் பீங்கானும் சாளர வெளிச்சத்தை அதன் நிறத்திலேயே திருப்பித் தரும். பொன்னோ தன் மஞ்சளை ஊட்டித்தான் தரும். பிற்காலத்துப் பௌதிக நூல்கள் விளக்கிய இவ்வுண்மையை அவ்வோவியர்கள் கண்ணாலேயே அறிந்திருந்தனர்.

இவ்வொளிக்குரிய வெள்ளை பிறந்த இடம் அழகானதன்று. காரீயச் சுருள்களை வினாகிரி ஊற்றிய மட்கலங்களில் வைத்து, குதிரைச் சாணத்துள் வாரக்கணக்கிற் புதைத்துவைப்பர். காரீயத்தின்மேல் வெண்மையாகப் படர்வதே ஈய வெள்ளை. அதனைச் சுரண்டி அரைத்த தொழிலாளர்க்கு அது நஞ்சு. 1921இல் ஜெனீவாவில் உருவான சர்வதேசத் தொழில் உடன்படிக்கை வர்ணப் பூச்சு வேலையில் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியபோதும், கலை ஓவியத்துக்கு விலக்களித்தது. பொன்னின் உச்சி ஒளிக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்ட மஞ்சள் பயன்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்கொழிந்து மறக்கப்பட்ட அம்மஞ்சளை 1941இல் மியூனிக் நகரத்து ஆய்வாளர் ஒருவர் பழைய படங்களில் மீண்டும் இனங்கண்டார்.

ஒல்லாந்தரை இலங்கையர் கோட்டைகளாலும் கறுவா வணிகத்தாலும் அறிவர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள், அதற்கு முன்பே கீழைக்கடற் பொருள்களை இம்மேசைகளுக்கு வழங்கின. 1627இல் கிளேஸ் தீட்டிய படத்திலே சீனப் பீங்கானும் நாட்டிலஸ் சங்கிற் செய்த கிண்ணமும் உள்ளன. பக்கத்தில் கடலைச் சுருள் போன்றதொரு காகிதச் சுருள். பஞ்சாங்கத் தாளைக் கிழித்துச் சுற்றியது. அதனுள் இருப்பது மிளகு. அடுத்த தலைமுறையில் வில்லம் கல்ஃப் இருண்ட பின்னணியிற் சங்குக் கிண்ணங்களையும் பீங்கானையும் இன்னும் ஆடம்பரமாய்த் தீட்டினார். எனினும் ஹேடாவின் அடக்கம் அவரிடம் இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் முன்னர் இவ்வழியிற் சென்றவர் ஒரு பெண். அன்ட்வெர்ப் நகரோடு தொடர்புடைய கிளாரா பீட்டர்சின் வாழ்க்கை பற்றிய ஆவணங்கள் மிகச் சில. 1607 முதல் 1621 வரை ஆண்டு குறித்த படங்கள் உண்டு. தம் பெயரை அவர் படத்தின் மூலையில் ஒதுக்காமல், மேசைமேற் கிடக்கும் வெள்ளிக் கத்தியின் பிடியிற் பொறித்ததுபோலத் தீட்டுவார். 1612இல் அவர் வரைந்த பூக்களும் பொற்கிண்ணங்களும் உள்ள படம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கின்றது. அங்கே வலப்புறக் கிண்ணத்தின் புடைத்த குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குவிகண்ணாடி. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அவை வெறும் ஒளிப்புள்ளிகள். நெருங்கினால், சாளரத்தின் முன் ஒரு பெண்ணுருவம், குமிழுக்குக் குமிழ் மீண்டும் மீண்டும், வர்ணத்தட்டும் தூரிகையும் கையிலேந்தி நிற்கின்றது. மத்ரித் நகரின் பிராதோ நூதனசாலை 2016இல் அவர் படங்களுக்கெனத் தனிக் காட்சியொன்று நடத்தியது. அந்நூதனசாலையில் பெண் ஓவியர் ஒருவருக்காக நடந்த முதற் காட்சி அதுவே.