குப்பை யாருடைய சொத்து?

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதன் மாளிகைகளையும் துறைமுகத்தையுமே முதலில் நோக்குவர். அந்நகரம் வெளியே எறிந்தவற்றை நோக்குவோர் மிகச் சிலர். ஆயினும் கொழும்பின் சமூக வரலாற்றை அறிய விரும்பும் நாம் அதன் குப்பைமேடுகளையும் நோக்குதல் வேண்டும்.

1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பு மாநகர சபை தோன்றியது. துறைமுகமும் பண்டகசாலைகளும் பெருக, நகரைத் துப்புரவாக்கும் வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வறிய தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். நகரத்தின் தூய்மை அவர்கள் உழைப்பால் விளைந்தது. இழிவு மட்டுமே அவர்களுக்கு உரியதாயிற்று.

1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், சேர்க்கப்பட்ட குப்பை சபையின் சொத்து என்றும், அதனை விற்கச் சபைக்கு அதிகாரம் உண்டு என்றும் விதித்தது. இலை, சாம்பல், சாணம் ஆகியவை குப்பையாயிருந்த காலத்தில் அது மண்ணுக்கு எருவாகும் பொருள். ஆதலின் அதனைச் சொத்து என்றது வியப்பன்று. பின்னர்ப் பொலித்தீனும் பிளாத்திக்கும் பெருகின. சொத்து சுமையாயிற்று.

அச்சுமையைத் தாங்கியவர் யார்? வடகொழும்பின் புளூமெண்டல் மேடு 2009 இல் நீதிமன்றக் கட்டளையால் மூடப்பட்டது. குப்பை ஒழியவில்லை, கொலன்னாவையின் மீதொட்டமுல்லைக்கு இடம் மாறியது. அங்கு வாழ்ந்த எளிய மக்கள் ஆண்டுக்கணக்காக எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 உயிர்கள் மாண்டன.

அதே ஆண்டு செப்தெம்பரில் 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீன், உணவு சுற்றும் தாள், ரெஜிபோம் பெட்டி ஆகியவை தடைசெய்யப்பட்டன. தடை நன்றே. ஆனால் குப்பை பிறப்பது வாங்குமிடத்திலன்றோ? ஆஸ்பத்திரி, பாடசாலை, கந்தோர் ஆகியவற்றுக்காக அரசு வாங்கும் பொருள் சிறிதன்று. கேள்விப்பத்திரத்திலே குறைந்த விலையை மட்டும் பார்த்தால், அப்பொருள் எத்தனை காலம் பயன்படும், பின்னர் எங்கே புதையும் என்னும் கணக்கு ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாத கடனை மேட்டின் அடியில் வாழ்வோரே செலுத்துகின்றனர்.

ஆதலால் பொதுப் பணத்தால் ஒரு பொருளை வாங்குபவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி என்பதை நாம் வற்புறுத்துகிறோம். நீடித்து நிற்பதை, திருத்தக்கூடியதை, மண்ணோடு கலப்பதை வாங்குதல் வேண்டும். கழிவை அது சேருமிடத்திலேயே தரம்பிரித்தல் வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைத்தல் வேண்டும். சட்டம் கூறியவாறு குப்பை சபையின் சொத்தாயின், அதன் சுமையும் சபையினதே. அதனை ஏழையின் வாசலில் இறக்கிவிட எவருக்கும் உரிமையில்லை.