கண்டியில் இருந்த இருவர்

கண்டி நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, பேராதனைப் பூந்தோட்டம் அமைந்திருக்கிறது. 1821ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அத்தோட்டத்துக்குச் செல்வோர், வானளாவிய பனையினச் சாலைகளையும் பெருமூங்கிற் புதர்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் தென்கிழக்காசியப் போரை நடத்திய தலைமையகம் அம்மரநிழலிலேதான் இருந்தது என்பதை அவர்களுள் நினைப்பவர் சிலரே. 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து இங்கு வந்த அத்தலைமையகம், 1945இன் இறுதியில் சிங்கப்பூருக்குப் பெயரும்வரை கண்டியிலே நிலைகொண்டிருந்தது.

அந்நாளிற் கண்டியிற் பணிபுரிந்த ஆயிரக்கணக்கானோருள் இருவர், படப்பிடிப்புக் கருவிக்கு முன்னால் நின்று பேசுங் கலையிற் பெயர் பெற்றவர்கள். ஒருவர் சேனாதிபதி. மற்றவர் இரகசியக் கடதாசிகளை ஒழுங்குபடுத்தி வைத்த ஒரு பெண்மணி. ஒருவர் பேசும்போது கேட்போர் அவரை நம்புவது எதனால் என்னும் வினாவுக்கு இவ்விருவர் வரலாறும் இருவேறு விடை தருகின்றது.

சேனாதிபதி, மவுண்ட்பேட்டன் பிரபு. 1900ஆம் ஆண்டிற் பிறந்தவர்; விக்டோரியா மகாராணியின் கொள்ளுப் பேரர். 1943இல், நாற்பத்து மூன்றாம் வயதில், நேசநாட்டுப் படைகளின் அதியுயர் தளபதிப் பதவி அவரை வந்தடைந்தது. கண்டியிலே தேசாதிபதியின் மாளிகை அவருக்கு வாசஸ்தலமாயிற்று. படைத்தொழிலிற் போலவே சினிமாத் தொழிலிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. அவர் தலைமை வகித்த கப்பல் 1941இல் கிரீட் தீவுக்கருகில் மூழ்கடிக்கப்பட்டது. அக்கதையைத் தழுவி நோயல் கவார்ட் என்னும் நாடகாசிரியர் 1942இல் ஒரு திரைப்படமே எடுத்தார். மனிதமுகம் திரையில் எவ்வாறு தோன்றும் என்பதை அக்காலத்துச் சேனாதிபதிகளுள் அவரளவுக்கு எண்ணிப் பார்த்தவர் வேறொருவர் இருந்திரார்.

பர்மாவின் எல்லையிற் போரிட்ட பதினான்காம் சேனை அப்பொழுது மனஞ் சோர்ந்திருந்தது. உலகம் தங்களை மறந்துவிட்டது என்பதே போர்வீரர்களின் மனக்குறை. அவர்களைக் காண மவுண்ட்பேட்டன் செல்வார். அணிவகுத்து நிற்கும் வீரர்களின் நடுவே ஒரு மரப்பெட்டி கிடக்கும். மோட்டார் வண்டியிலிருந்து இறங்கியவர் அதன்மேல் ஏறி, அணியைக் கலைத்துவிட்டு அருகே வருமாறு கையசைத்து அழைப்பார். கையிற் குறிப்புத்தாள் இராது. உங்களை மறந்துவிட்டார்கள் என்பது பிழை, உங்களைப் பற்றி எவரும் கேள்விப்படவேயில்லை, இனிமேல் கேள்விப்படுவார்கள் என்னும் கருத்தில் நகைச்சுவையோடு தொடங்குவார். வீரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

எல்லாம் அந்தக் கணத்திலே தோன்றியன போலிருக்கும். ஆனால், மரப்பெட்டி தானாக அங்கு வந்ததன்று. அணியைக் கலைப்பதும், நகைச்சுவையும் முன்னரே வகுக்கப்பட்டவை. ஒரு முகாமிற் சொன்னதே அடுத்த முகாமிலுஞ் சொல்லப்பட்டது. இதை ஏமாற்று எனல் தகாது. நாடகமேடையில் நன்கு பயின்ற நடிகனே இயல்பாக நடிப்பவன் போலத் தோன்றுகிறான் அல்லவா?

எனினும், வெறும் நாவன்மைக்காக வீரர்கள் அவரை நம்பினர் என்று கொள்வதற்கில்லை. மழைக்காலத்திலும் போர் நிற்காது என்றார், நிற்கவில்லை. பகைவர் சூழ்ந்துகொண்டால் பின்வாங்க வேண்டாம், உணவும் வெடிமருந்தும் ஆகாயமார்க்கமாக வந்து சேரும் என்றார். இம்பாலை யப்பானியர் முற்றுகையிட்ட காலத்தில் அவ்வாறே வந்தன. 1944 யூன் 22இல் அம்முற்றுகை முறிந்தது. மலேரியாவை அடக்குவோம் என்பது மற்றொரு வாக்குறுதி. 1943இல் காயமடைந்து அகற்றப்பட்ட ஒருவனுக்கு 120 பேர் நோயால் அகற்றப்பட்டனர் என்பது பதினான்காம் சேனையின் தளபதி சிலிம் தரும் கணக்கு. இந்நிலையை மாற்றியது பேச்சன்று. மெபக்கிரின் என்னும் மஞ்சள் மாத்திரையை வீரர் உண்மையிலேயே விழுங்குகிறார்களா எனச் சோதித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்த பட்டாளங்களின் தலைவர் மூவரைச் சிலிம் பதவி நீக்கினார். மரப்பெட்டியில் நின்று ஒருவர் சொன்னதை, சேற்றில் நின்று மற்றொருவர் மெய்யாக்கினார்.

கண்டியைப் பற்றிய முணுமுணுப்பும் இல்லாமற் போகவில்லை. போர்முனையோ நெடுந்தொலைவில்; தலைமையகத்திலோ ஆளணி பெருகிக்கொண்டேயிருந்தது. குளிர்ந்த மலைக்காற்றிலிருந்து வரும் கட்டளைகளைக் குறித்து, காட்டில் நனைந்துகொண்டிருந்தவர்கள் கசப்பாகப் பேசியதில் வியப்பில்லை.

அந்தத் தன்னம்பிக்கை பின்னொருநாள் வேறோர் அரங்கில் வெளிப்பட்டது. 1947 யூன் 3இல் இந்தியப் பிரிவினைத் திட்டத்தை மவுண்ட்பேட்டனும் நேருவும் ஜின்னாவும் பல்தேவ் சிங்கும் வானொலியில் அறிவித்தனர். மறுநாள், டில்லியிலே கூடியிருந்த பத்திரிகையாளர் முன்னிலையில், குறிப்புத்தாள் எதுவுமின்றி மவுண்ட்பேட்டன் பேசினார். தடுமாற்றமில்லை, தயக்கமில்லை. ஆட்சிமாற்றத்துக்கு நாள் குறித்தாயிற்றா எனக் கேட்கப்பட்டபோது, ஆகஸ்ட் 15 வாக்கில் என்றார். அத்தேதி ஒரு கேள்விக்கு விடையாக அவ்விடத்திலேயே உதித்தது என்றும், நிகழ்ச்சிகள் தம் கைக்குள் இருப்பதைக் காட்ட விரும்பியதாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தம்மைப் பற்றிய கதைகளை அழகுபடுத்திச் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டாகையால், ஆய்வாளர் சிலர் இதை முழுதும் ஏற்பதில்லை. எவ்வாறாயினும், அந்த விடைக்கும் அந்த நாளுக்கும் இடையே எஞ்சியிருந்தவை பத்து வாரங்களே. எல்லை வகுக்க நியமிக்கப்பட்ட ராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்தது யூலை 8இல்; அவர் வரைந்த எல்லை வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17இல், அதாவது சுதந்திரம் பிறந்து இரண்டு நாட்களின் பின்னர். தாம் நிற்கும் மண் எந்த நாட்டைச் சேர்ந்ததென்று பஞ்சாபிலும் வங்காளத்திலும் இலட்சக்கணக்கானோர் அறியாதிருந்தனர். இம்பாலில் அவர் சொல்லுக்குப் பின்னால் ஆகாயவிமானங்கள் இருந்தன. டில்லியில் அவர் சொல்லுக்குப் பின்னால் அத்தகைய ஆயத்தம் எதுவும் இருக்கவில்லை. குரலிலோ முகத்திலோ இவ்வேற்றுமை சிறிதும் தெரியவில்லை என்பதே அஞ்சத்தக்கது.

இனி, இரண்டாமவர். 1912 ஆகஸ்ட் 15இல் கலிபோர்னியாவிற் பிறந்த ஜூலியா மக்வில்லியம்ஸ் 1944இல் அமெரிக்க உளவுத்துறையின் அலுவலராய்க் கண்டிக்கு வந்தார். தேயிலைத் தோட்டமொன்றில், ஓலை வேய்ந்த கொட்டில்களில் அக்கந்தோர் இயங்கியது. அவரை ஒற்றர் எனச் சிலர் கதை கட்டுவதுண்டு. அவர் செய்த வேலையோ வருகின்ற இரகசியப் பத்திரங்களைப் பதிந்து, வகைபிரித்து, வேண்டியபோது எடுத்துக் கொடுப்பதாகும். சலிப்பூட்டும் வேலை, ஆயின் ஒழுங்கு கற்பிக்கும் வேலை. யுத்தப் படங்களும் வரைபடங்களும் தீட்டும் பகுதியிலிருந்த போல் சைல்ட் என்பாரை இலங்கையிலே சந்தித்து, 1946இல் மணந்து, ஜூலியா சைல்ட் ஆனார். கண்டிக்கு வந்தபோது அவருக்குச் சமையல் தெரியாது. கணவரோடு பாரிஸ் சென்றபின், முப்பத்தேழாம் வயதிலே கற்றார்.

1963 பெப்ரவரி 11இல், ஐம்பது வயதான அவர், பொஸ்டன் நகரத் தொலைக்காட்சியிற் பிரெஞ்சுச் சமையல் கற்பிக்கத் தொடங்கினார். திரைக்கு ஏற்ற தோற்றம் என அந்நாளிற் கருதப்பட்ட எதுவும் அவரிடம் இல்லை. உயரம் ஆறடி இரண்டங்குலம். குரல் கீச்சென்று ஏறி இறங்கும். பேச்சிடையே மூச்சு வாங்கும். ஆயத்தத்திலோ அவர் மவுண்ட்பேட்டனுக்குச் சற்றும் குறைந்தவரல்லர். எந்நேரத்தில் எப்பாத்திரம் எங்கிருக்க வேண்டும் என வரைந்து வைத்து, வீட்டிலே மணிக்கணக்காக ஒத்திகை பார்த்தார். படப்பிடிப்பின்போது, சமையல் மேசைக்குக் கீழே உதவியாளர்கள் ஒளிந்திருந்து குறிப்பட்டை காட்டினர். பாத்திரங்கழுவியவர் போல் சைல்ட்.

அக்காலத்தில் ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது பெருஞ் செலவாகையால், அரைமணி நேர நிகழ்ச்சி இயன்றவரை இடைநிறுத்தமின்றி ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு நாள் உருளைக்கிழங்கு அடையைச் சட்டியில் எறிந்து புரட்டுகையில், அதன் ஒரு பகுதி அடுப்பின்மேல் வீழ்ந்தது. அவர் முகம் வாடவில்லை, மன்னிப்பும் கோரவில்லை. துணிவோடு புரட்டாமையே பிழை என்று காரணங் கூறி, வீழ்ந்ததைக் கையால் எடுத்துச் சட்டியிலிட்டு, சமையலறையில் தனியே இருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு மேலே நடத்தினார். பார்த்திருந்த பெண்டிர்க்கு அது பெரும் ஆறுதலாயிற்று. கை தவறுவது தங்களுக்கு மட்டும் நேர்வதன்று என அவர்கள் கண்டனர். அவர் சொன்ன செய்முறையை நம்பி அடுப்பை மூட்டினர். அந்த அடையின் கதை வாய்க்கு வாய் வளர்ந்து, முழுக் கோழியொன்றைத் தரையிற் போட்டு எடுத்தார் என்று பின்னர் உருமாறியது. அவ்வாறு ஒருபோதும் நடக்கவில்லை.

மவுண்ட்பேட்டனும் தொலைக்காட்சியை விட்டுவைக்கவில்லை. 1969இல், தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைக்கும் பன்னிரண்டு பகுதித் தொடரில் தோன்றினார். நிமிர்ந்த மார்பு, உறுதியான குரல். எந்தப் போரிலும் எந்த முடிவிலும் தாம் தவறியதாக எளிதில் ஒப்பாத கதைசொல்லி. ஜூலியா சைல்டின் நிகழ்ச்சி 1973வரை நடைபெற்றது. அவர் வீட்டுச் சமையலறையை 2001இல் வாஷிங்டன் நகரத்து அரும்பொருட் காட்சிச்சாலைக்கு அப்படியே பெயர்த்துச் சென்றனர். பேராதனையிலும் தேயிலைத் தோட்டத்திலும் இருந்த யுத்தகாலக் கொட்டில்கள் மறைந்துவிட்டன. அடுப்பின்மேல் வீழ்ந்த அடைத்துண்டு மட்டும் அப்பழைய பதிவில் இன்றும் காணக் கிடைக்கிறது.